வாடைக்கு முன் ஆட்களைப் பழக்குங்கள்: திருகோணமலைத் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மறைமாவட்ட ஆயர் அவர்களுக்கும், மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளின் குருமாருக்கும், ஏனைய சபைகளின் போதகர்களுக்கும், பங்குச் சபைகளிலும் அன்பியங்களிலும் பெண்கள் ஐக்கியங்களிலும் ஓடியாடி வேலைசெய்கிற எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தில் நீண்டகாலம் குடும்பநல உத்தியோகத்தராக வேலைசெய்து ஓய்வுபெற்றவள். வெள்ளம் வந்த காலங்களில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தேடிக்கொண்டு பாடசாலை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று எல்லா இடத்துக்கும் போய்வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வருகிற மாரிக்கு முன், ஓகஸ்ட் செப்டெம்பருக்குள், ஒவ்வொரு சபையிலும், இடம்பெயர்ந்த சனம் தங்குகிற ஒரு பாதுகாப்பு நிலையத்தை ஒழுங்காக நடத்தத் தெரிந்த தொண்டர்களைப் பயிற்றுவித்து வையுங்கள்.

கதவைத் திறப்பதில் நம்முடைய சபைகள் ஒருநாளும் பின்நின்றதில்லை. யுத்தகாலத்திலும் சுனாமியிலும் வெள்ளத்திலும் சனம் முதலில் ஓடிவந்த இடங்களில் தேவாலயம் ஒன்று. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் கதவு திறந்து ஐந்தாறு மணித்தியாலத்துக்குப் பிறகு, சனம் நிறைந்து, கரண்ட் போய், தண்ணீர்த் தாங்கி காலியாகி, குழந்தைகள் அழத் தொடங்கும் நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நல்ல மனம் இருக்கும். யார் எதைச் செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. பாவம், பங்குத்தந்தை ஒரு கையில் போனும் மறு கையில் திறப்புக்கோர்வையுமாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பார்.

நம் கரைக்கு வந்தவற்றின் திகதிகளை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். 1964 டிசம்பர் 22இல் வந்த சூறாவளி திருகோணமலையைத் தாக்கிவிட்டுத்தான் தனுஷ்கோடிக்குப் போனது. மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளி 1978 நவம்பர் 23. சுனாமி 2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில். புரெவி 2020 டிசம்பர் 2 இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. டித்வா 2025 நவம்பர் கடைசி வாரத்தில் வந்து நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்மஸ் முடியும்வரை. நமக்கு அது எந்தக் காலம்? திருவருகைக் காலம். கரோல் பயிற்சி, பாலன் குடில், ஒளிவிழா, ஞாயிறு பாடசாலைப் பரிசளிப்பு என்று வருடத்திலேயே நமக்கு ஓய்வில்லாத காலம். மண்டபத்தில் மேடை போட்டிருக்கும், களஞ்சிய அறையில் அலங்காரப் பொருள் நிறைந்திருக்கும், இளைஞர்கள் எல்லோரும் கரோலுக்குப் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பழக்க முடியாது. ஆகவேதான் ஓகஸ்ட் செப்டெம்பர் என்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற, வெயில் எரிக்கிற அந்த மாதங்களில் வெள்ளத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராதுதான். பேசத்தான் வேண்டும்.

அரசாங்கம் பாடசாலைகளைத் திறக்குமே, நமக்கேன் இந்த வேலை என்று சிலர் கேட்கலாம். பாடசாலைகள்தான் வழக்கமான நிலையங்கள், உண்மை. ஆனால் அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை நவம்பரில் நடந்தது. 2024இலும் 2025இலும் நவம்பர் கடைசியில் மழை வெள்ளத்தால் பரீட்சையை இடைநிறுத்த வேண்டி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பரீட்சை மண்டபமாக இருக்கிற பாடசாலையை நிலையமாக்கினால் பிள்ளைகளின் படிப்பு தள்ளிப்போகிறது; ஆக்காவிட்டால் சனத்துக்கு இடமில்லை. இடம்பெயர்ந்தவர்கள் வாரக்கணக்கில் இருக்க நேர்ந்தால் பாடசாலை திரும்பத் திறப்பதும் பிந்துகிறது. ஆலய மண்டபங்களும் கணக்கில் இருந்தால் பிரதேச செயலாளருக்கு எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மண்டபம் இருக்கிறது. அதில் எத்தனைபேரை வைக்கலாம்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பங்குச் சபையை நான் இன்னும் காணவில்லை. ஸ்பியர் என்று அழைக்கப்படும் சர்வதேச மனிதாபிமான நியமங்களின்படி ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம் வேண்டும். சமைக்கிற, குளிக்கிற இடம் இதில் சேராது. நம் ஊரில் பரவலாகக் காணக்கூடிய மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 60 அடி நீளம், 30 அடி அகலம். 1,800 சதுர அடி. ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 38 சதுர அடி என்று பிரித்தால் 47 பேர். வெள்ளம் வந்தால் அதே மண்டபத்தில் இருநூறு பேரை இருத்திவிடுகிறோம். முதல் இரவு உயிர் தப்பினால் போதும் என்று நெருக்கியடித்து இருக்கலாம், அதைக் குறைசொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சலும் இருமலும் வயிற்றோட்டமும் அந்த நெருக்கத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

தண்ணீரும் அப்படித்தான். குடிக்க, சமைக்க, கழுவ என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீட்டர் வேண்டும். 47 பேருக்கு 700 லீட்டருக்கு மேல் போகிறது. 1,000 லீட்டர் தாங்கி அவர்களுக்குச் சமாளிக்கும். இருநூறு பேருக்கு அதே தாங்கி நாளில் மூன்று தடவை நிரம்ப வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டர் ஓடாது. பவுசர் எங்கிருந்து வரும், யாரிடம் கேட்பது, கிணறு வெள்ளத்தில் மூழ்கினால் குளோரின் போடுவது யார் என்பதையெல்லாம் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும். மலசலகூடம் முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, போகப்போக 20 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. பெரும்பாலான ஆலய வளவுகளில் இரண்டு இருக்கும், அதிலும் ஒன்றுக்குக் கொளுக்கி இராது.

அந்தக் கொளுக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளத்தின்போது ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன், எந்த மண்டபம் என்பது வேண்டாம். எண்பது வயதை நெருங்கிய ஒரு அம்மம்மா பாயில் சுருண்டிருந்தார். தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம் என்றார், தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம் என்றார். நாக்கு வறண்டு ஒட்டிப்போயிருந்தது. கிளினிக் கொப்பியைப் பார்த்தால் பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுப்பவர். சுகமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஞாயிறு பாடசாலை ரீச்சர் ஒருவர்தான் பக்கத்தில் குந்தியிருந்து, மெதுவாக, ஏன் அம்மம்மா என்று கேட்டார். மலசலகூடம் மண்டபத்துக்குப் பின்னால், கணுக்கால் அளவு தண்ணீருக்குள் போக வேண்டும், லைட் இல்லை, வழியில் ஆம்பிளைகள் நின்று சிகரட் பத்துகிறார்கள், கதவுக்குக் கொளுக்கியும் இல்லை. இரவில் போகக்கூடாது என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். அவரைக் கேட்ட பிறகு பார்த்தால் அந்த மண்டபத்தில் பாதிப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள், ஒரு கர்ப்பிணிப்பிள்ளை உட்பட.

ரீச்சர் உடனே எழும்பினார். கதவுக்கு ஒரு கயிறு, வழியில் பிடித்து நடக்க ஒரு கயிறு, வாசலில் ஒரு டோர்ச், இரவு முழுக்க இரண்டு இரண்டு பெண்களாக முறைபோட்டுக் கூட்டிக்கொண்டு போக ஆட்கள். ஆம்பிளைகளை மற்றப் பக்கம் போகச் சொன்னார். அரை மணித்தியால வேலை. விடிவதற்குள் அம்மம்மா இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்திருந்தார். அந்த ரீச்சருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை, அவருக்கு அது இயல்பாக வந்தது. எல்லா மண்டபத்திலும் அப்படி ஒருவர் தற்செயலாக அமைவார் என்று நம்பியிருக்க முடியாது. மலசலகூடப் பாதைக்கு வெளிச்சம், கதவுக்குப் பூட்டு, பெண்களுக்குத் தனிப் பக்கம் என்பவை முதல் மணித்தியாலத்திலேயே பார்க்க வேண்டியவை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

நம் நிலையங்களுக்கு யார் வருவார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர் அளவுதான். ஆகவே நம் கதவைத் தட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்களும் சைவர்களும் பௌத்தர்களுமாக இருப்பார்கள். அவர்கள் வெட்கமும் பயமும் இல்லாமல் படுத்தெழும்ப வேண்டும். அதற்கு நல்லெண்ணத்தோடு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். பெருநாளுக்குப் பன்றி இறைச்சி காய்ச்சிய கிடாரத்தில் சோறு போட்டால் மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வந்த குடும்பம் சாப்பிடாமல் இருக்கும், காரணமும் சொல்லாது. கோழி வாங்கினால் ஹலாலா என்று கேட்பார்கள். எல்லோருக்கும் மரக்கறிச் சாப்பாடு என்று தீர்மானித்தால் பிரச்சினை பாதி தீரும். அப்போதும் சம்பலுக்கு மாசிக் கருவாடு போட்டுவிட்டால் கந்தசஷ்டி விரதக்காரர் தொடமாட்டார். இன்னும் சில ஆண்டுகளில் நோன்பு மாதம் மாரிக்குள்ளேயே வந்துவிடப் போகிறது, 2030இல் டிசம்பர் கடைசியிலேயே நோன்பு தொடங்கும். சஹருக்கு விடியமுன் சாப்பாடு கொடுக்கத் தெரிந்த சமையல் குழு நம்மிடம் இருக்க வேண்டாமா? தொழுவதற்குச் சுத்தமான ஒரு மூலையும், தொழும் திசையான கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே என்று காட்டிவிட ஒரு ஆளும் போதும். சிங்களம் பேசத் தெரிந்த ஒரு தொண்டராவது ஒவ்வொரு முறையிலும் இருக்கட்டும். கந்தளாய்ப் பக்கத்தில், சேருவிலப் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்து தங்கள் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று சொல்ல முடியாமல் நிற்கக்கூடாது.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். நிலையத்துக்குள் பிரசங்கம் வேண்டாம். கைப்பிரதி வேண்டாம். சாப்பாட்டுப் பார்சலுக்கு முன் எல்லோரையும் எழும்பி நின்று ஜெபிக்கச் சொல்ல வேண்டாம். வீடிழந்து ஈரத்துணியோடு வந்து நிற்பவர், நாம் கேட்பது எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு மதத்தைக் கலந்தார்கள் என்று எழுந்த பேச்சு எத்தனை ஊர்களில் எத்தனை நல்ல வேலையைக் கெடுத்தது என்று உங்களுக்குத் தெரியும். அதேபோல படம். பார்சல் வாங்குகிற கையையும் முகத்தையும் எடுத்து முகநூலில் போடுகிற பழக்கத்தைச் சபைகள் நிறுத்த வேண்டும். வீட்டில் அடிதாங்க முடியாமல் ஒளிந்திருக்கிற ஒரு பெண்ணும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவளுடைய படமோ, சுவரில் ஒட்டிய பெயர்ப்பட்டியலோ தேடுகிறவன் கண்ணில் பட்டால் அதற்கு யார் பொறுப்பு? பதிவுக் கொப்பி ஒரு ஆளின் கையில் மட்டும் இருக்க வேண்டும், விபரம் கிராம உத்தியோகத்தருக்குப் போக வேண்டும், வேறு யாருக்கும் போகக்கூடாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. இவை எல்லாத் தொண்டர்களுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

என் தொழிலோடு ஒட்டிய ஒரு விஷயத்தையும் விடமுடியாது. ஒவ்வொரு அனர்த்தத்திலும் பால்மா ரின்கள் குவிகின்றன. கொடுப்பவர் அன்போடுதான் கொடுக்கிறார். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு, சுத்தமில்லாத தண்ணீரில், கொதிக்கவைக்காத போத்தலில் பால்மா கரைத்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். வயிற்றோட்டம் பிடித்தால் கைக்குழந்தை ஒரு நாளில் வாடிவிடும். பயந்துபோன தாய்க்குப் பால் குறைந்ததுபோல் தெரியும், ஆனால் அவளுக்கு ஒரு மறைப்பும், சாப்பாடும், குடிக்கத் தண்ணீரும், பக்கத்தில் ஆறுதலாக ஒரு பெண்ணும் கிடைத்தால் பெரும்பாலும் பால் திரும்ப வரும். ஆகவே பால்மாவைக் கண்டபடி பகிராமல், தேவைப்படுகிற குழந்தைக்கு மட்டும், குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டுக் கொடுங்கள். அதேபோல இன்சுலின். வீட்டிலிருந்து எடுத்துவந்த இன்சுலினைக் குளிராக வைக்க ஒரு ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் போதும். இந்த ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, மீன்காரரைக் கேட்டால் தருவார். ஐஸ் நேரே மருந்தில் படாமல் துணி சுற்றி வைக்க வேண்டும், உறைந்துபோனால் அது உதவாது. ஒரு தொண்டர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் இரண்டு மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்புவார்கள்.

இனி, யார் பொறுப்பு எடுப்பது? பங்குத்தந்தையோ போதகரோ நிலையப் பொறுப்பாளராக இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அனர்த்த நேரத்தில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. செத்த வீட்டுக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அழுகிறவரோடு இருக்க வேண்டும். அதைவிட, அவர்களுக்கு மாற்றம் வரும். மூன்று நான்கு வருடம் கழித்து வேறு பங்குக்குப் போகும்போது அவர் கற்றதும் அவரோடு போய்விடும். ஊரில் நிலையாக இருக்கிற பொதுநிலையினர், பெண்ணொருவரும் ஆணொருவருமாக, பொறுப்பெடுக்கட்டும். பதிவு, தண்ணீரும் சுத்தமும், சமையல், பெண்களும் சிறுவர்களும், நோயாளிகள், இரவுக் காவல் என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளும் பதில் ஆளும் வேண்டும். வாசலில் நிற்கப் பழகியவர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலுக்குப் பிறகு எத்தனை இளைஞர்கள் ஆலய வாசலில் முறைவைத்து நின்றார்கள். அந்த ஒழுங்கைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

பதில் ஆள் ஏன் என்றால், நம் தொண்டரும் வெள்ளத்தில் அகப்படுகிறவர்தான். நிலாவெளியில், இறக்கக்கண்டியில், மூதூரில் இருக்கிற தொண்டரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும். தன் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தெரியாமல் நிற்பவரிடம் நிலையத்தை நடத்து என்று சொல்ல முடியாது. கரையோரப் பங்கு ஒன்றையும் உள்ளேயிருக்கிற பங்கு ஒன்றையும் சோடி சேர்த்துவையுங்கள். இங்கே அடிபட்டால் அங்கிருந்து ஆட்கள் வரட்டும், அங்கே என்றால் இங்கிருந்து. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே என்று பார்க்காமல் சோடி சேர்த்தால் இன்னும் நல்லது. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரையும் நிறுத்திவைக்க வேண்டாம். தூங்காத தொண்டர் இரண்டாம் நாள் சனத்தோடு எரிந்துவிழுவார்.

பயிற்சிக்கு யாரிடம் போவது என்று தேடி அலைய வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ மத்திய நிலையத்துக்கு மாவட்டச் செயலகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி பழக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் வருவார்கள். ஆயர் இல்லத்திலிருந்து அல்லது சபையிலிருந்து முறையாக ஒரு கடிதம் போனால் மறுக்க மாட்டார்கள். அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கம் தேவாலயங்களோடு முன்கூட்டியே உடன்படிக்கை செய்து, அந்தந்தச் சபை ஆட்களுக்கே நிலையம் நடத்தும் பயிற்சியைக் கொடுக்கிறது. 2005இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது அங்கே எத்தனையோ தேவாலயங்கள் தாங்களாகவே கதவைத் திறந்து, ஆயத்தமில்லாமல் திண்டாடிக் கற்ற பாடமும் அதற்குப் பின்னால் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1990களில் மடு மாதா திருத்தலம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடைக்கலமாக இருந்ததே, அங்கே ஐ.நா. அகதிகள் அமைப்பும் திருச்சபையும் சேர்ந்து வேலைசெய்தார்கள். பக்தியோடு ஒழுங்கும் இருந்தபடியால்தான் அவ்வளவு சனத்தைத் தாங்க முடிந்தது.

இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கினால் அடிப்படைப் பயிற்சி முடியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொடுக்கிற உளவியல் முதலுதவியையும் அதில் சேருங்கள். பார், கேள், இணை என்ற மூன்று படிகள்தான் அது. நடந்ததைச் சொல்லச் சொல்லித் துருவக்கூடாது என்பதையும், அழுகிறவரை அழவிட வேண்டும் என்பதையும் நம்மில் பலர் படிக்க வேண்டியிருக்கிறது. அதன்பிறகு, கட்டாயமாக, ஒரு இரவு ஒத்திகை. தொண்டர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளோடும் வயதுபோன பெற்றாரோடும் வந்து மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு மண்டபத்தில் ஒரு இரவு படுத்துப் பார்க்கட்டும். பதிவு போடட்டும், கிடாரத்தில் சமைக்கட்டும், இருட்டில் மலசலகூடத்துக்குப் போய்வரட்டும். எது இல்லை, எது உடைந்திருக்கிறது, திறப்பு யாரிடம் என்பதெல்லாம் ஒரே இரவில் வெளியே வந்துவிடும். எத்தனை கூட்டம் வைத்துப் பேசினாலும் அவ்வளவு தெரியாது.

கட்டடத்தையும் பாருங்கள். எல்லா ஆலயமும் எல்லா ஆபத்துக்கும் பொருந்தாது. கடற்கரையிலிருக்கிற ஆலயத்தைச் சுனாமி எச்சரிக்கையின்போது திறக்கவே கூடாது, சனத்தை உள்நாட்டுப் பக்கம் அனுப்பத்தான் வேண்டும். வெள்ளத்துக்கு உதவுகிற உயரமான மண்டபத்தின் கூரை அஸ்பெஸ்டோஸ் அல்லது தகரமாக இருந்தால் சூறாவளிக்கு அது அடைக்கலம் ஆகாது. பிரதேச செயலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டி, எதற்குத் திறக்கலாம், எதற்குக் கூடாது என்று எழுத்தில் வாங்கிவையுங்கள். மண்டபம் மட்டுமா, ஆலயமும் திறக்கப்படுமா, அப்படியென்றால் நற்கருணைப் பேழையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடலாம். மழைக்குள் நின்று அதைப் பற்றி வாதாட நேரம் இருக்காது.

மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கத்துச் சபைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் மழை விட்டுவிட்டது என்று தொண்டர்களைக் கலைத்துவிடாதீர்கள். மகாவலி கொண்டுவருவது மலைநாட்டு மழையை. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெய்தது பொலன்னறுவைப் பக்கத்து மன்னம்பிட்டியைத் தாண்டி உங்களிடம் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் ஆண்டவன் உங்களுக்குத் தருகிற அவகாசம். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று மட்டத்தை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். மன்னம்பிட்டியில் மட்டம் ஏறும்போதே மண்டபம் கூட்டித் துடைத்து, தாங்கி நிரப்பி, கர்ப்பிணிகளையும் நடக்க முடியாதவர்களையும் முதலில் கூட்டிவந்துவிடலாம். ஆடு மாட்டை விட்டு வரமாட்டோம் என்று நிற்பவர்கள் இருப்பார்கள். அவற்றைக் கட்ட மேட்டில் ஒரு இடம் பார்த்துவைத்தால் அவர்களும் வருவார்கள்.

இவ்வளவுக்கும் பெரிய காசு தேவையில்லை. டோர்ச், கயிறு, வாளி, மூடியுள்ள தண்ணீர்ப் பாத்திரம், தறப்பாள், பாய், சவர்க்காரம், நாப்கின், பதிவுக் கொப்பி, முதலுதவிப் பெட்டி. ஒரு பெருநாளுக்கு வெடிகளுக்கும் சோடனைக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை ஒதுக்கினால் போதும். நிலையம் திறந்தவுடன் கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ மத்திய நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கும் அறிவிக்க வேண்டும் என்பதையும் எழுதி வாசலில் ஒட்டிவையுங்கள். அரசாங்கத்தின் பட்டியலில் இல்லாத நிலையத்துக்கு உலருணவு வராது, மருத்துவக் குழுவும் வராது. மதியத்துக்கு மூன்று அமைப்புகள் சோறு கொண்டுவந்து, இரவுக்கு ஒருவரும் வராமல் சனம் பட்டினி கிடப்பதும் இந்தத் தொடர்பு இல்லாததால்தான்.

ஆயர் அவர்களிடமும் சபைத் தலைவர்களிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த மாதக் குருமார் கூட்டத்திலும் போதகர் ஐக்கியக் கூட்டத்திலும் இதை ஒரு விடயமாக எடுங்கள். ஒவ்வொரு பங்கிலிருந்தும் ஆறுபேரின் பெயரை வாங்கி, பயிற்சிக்கான இரண்டு சனிக்கிழமைகளையும் ஒத்திகை இரவையும் பங்கு நாட்காட்டியில் கரோலுக்கும் ஒளிவிழாவுக்கும் முன்பாகக் குறித்துவிடுங்கள். என்னைப் போல ஓய்வுபெற்ற தாதிமாரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் இந்த ஊரில் நிறையப்பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் எந்தச் சபைக்கும் வந்து பழக்கித் தருவோம். பெயர் கொடுக்கிற ஆறுபேரில் மூன்றுபேராவது பெண்களாக இருக்கட்டும், அதில் ஒருவராவது இரவில் தங்கக்கூடியவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை.